உருளையா, ரோடா?

எங்கள் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் என்பதை நான் முடிவு செய்யவில்லை. கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பது என்பதையும் நான் முடிவு செய்யவில்லை. என் மீசையைப் பற்றி ஒரு காலத்தில் எனக்கென்று ஒரு கருத்து இருந்தது. இப்போது கருத்தும் இல்லை, மீசையும் இல்லை. ஆனால் கார் விஷயத்தில் மட்டும் கடைசி வார்த்தை என்னுடையதாகத்தான் இருக்கும் என்று ஒரு சனிக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே, கண்ணாடி முன்னால் நின்று தீர்மானம் போட்டேன். ஏகமனதாக நிறைவேறியது. கண்ணாடியில் நான் மட்டும்தான் இருந்தேன்.

கார் செகண்ட் ஹேண்ட்தான். ஆனாலும் டர்போ வைத்த எஞ்சின். மேட்டில் ஏறும்போது மெல்லிசாக ஒரு சீட்டிச் சத்தம் வரும். அதைக் கேட்பதற்காகவே நான் மேடு தேடிப் போவேன். எனக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில், கிளெய்ம் பிரிவில் வேலை. நாள் பூராவும் நொறுங்கிப்போன கார்களின் போட்டோக்களைப் பார்க்கிறவனுக்கு, நொறுங்காத கார் ஒன்றின் மேல் ஆசை வருவதில் தப்பில்லை.

ஆசையைக் கிளப்பிவிட்டவர் பக்கத்து மேசைக்காரர். ஆபீஸில் அவருக்குக் ‘குதிரை’ என்று பெயர். ஓடுவதால் அல்ல, கேன்டீனில் பஜ்ஜி தீரப்போகிறது என்றால்கூட அவர் ஓடியதில்லை. எதைப் பேச ஆரம்பித்தாலும் குதிரைசக்தியில் கொண்டுவந்து முடிப்பார், அதனால். அவர் தன் காரை டியூன் பண்ணியிருந்தார். எஞ்சினுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது, எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று கணக்குப் போடுவது அதுதான், கம்பெனிக்காரன் அதைக் கூச்ச சுபாவத்தோடு வளர்த்து அனுப்பிவிடுகிறான், விஷயம் தெரிந்த டியூனர் அந்தக் கணக்கைத் திருத்தி எழுதினால் அதே எஞ்சின் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலை செய்யும் என்று சொன்னார். கூச்ச சுபாவத்தோடு வளர்க்கப்பட்டவன்தான் நானும். எனக்கு அந்த எஞ்சின் மேல் ஒரு பரிவு வந்துவிட்டது.

இதற்கு இரண்டு வழி உண்டாம். ஒன்று, டைனோ. தரையில் பதித்த பெரிய உருளைகளின் மேல் காரை ஏற்றி, பெல்ட் போட்டு இழுத்துக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிட்டு, டியூனர் பக்கத்திலேயே இருந்து திருத்துவார். இன்னொன்று, ரிமோட். டியூனர் எங்கேயோ இருப்பார். அவர் ஃபைல் அனுப்புவார். நாம் அதைக் காரில் ஏற்றி, ரோட்டில் ஓட்டி, எஞ்சின் என்ன செய்தது என்ற விவரத்தை லேப்டாப்பில் பிடித்து அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் பார்த்துவிட்டுத் திருத்தி மறுபடி அனுப்புவார். சரியாகும்வரை இந்தப் போக்குவரத்து.

அன்று மாலை மனைவியிடம் விஷயத்தை உடைத்தேன். அவள் சலவைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“காரை டியூன் பண்ணப் போறேன்.”

“ஏன், சுருதி சேரலையா?”

நான் பொறுமையாக விளக்கினேன். உருளை என்றதும், “உருளைக்கிழங்கு மாதிரியா?” என்றாள். இல்லை, இரும்பு உருளை, சக்கரம் பேய் வேகத்தில் சுற்றும், ஆனால் கார் ஓர் அங்குலம் நகராது என்றேன்.

“நீங்க வீட்டு வேலை செய்யற மாதிரி.”

“ரிமோட்டுன்னு இன்னொரு வழியும் இருக்கு.”

அவள் மடித்த துணிக்குப் பக்கத்தில் கிடந்த டிவி ரிமோட்டை எடுத்து, பத்திரமாகத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் முன் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். பல்லைப் பிடுங்குவது டாக்டர். ஆனால் பிடுங்கப்பட்டவனை அடுத்த வாரமும் தானாக வரவைப்பது அவள். பயந்து ஓட நினைக்கிறவர்கள்கூட அவளிடம் இரண்டு நிமிஷம் பேசினால், நாள் குறித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் யோசித்தேன், இதையல்ல, காரை. டைனோவில் நல்லது, டியூனர் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். எஞ்சினில் ஏதாவது தட்டினால் அந்த நொடியே நிறுத்திவிடுவார். ஒரே நாளில் வேலை முடியும். ரிமோட்டில் நல்லது, கார் நிஜமாக ஓடப்போகிற ரோட்டில், நிஜமான காற்றில் கணக்கு எடுக்கப்படும். கெட்டது, தப்பு நடந்தால் பக்கத்தில் ஆள் கிடையாது. குதிரை டைனோ கட்சி. ரிமோட் டியூனிங் என்பது போனில் பல் பிடுங்குவது மாதிரி என்றார். அதை வீட்டில் போய்ச் சொன்னேன். மனைவி உடனே ஒப்புக்கொண்டாள்.

“அவர் சொல்றதுதான் சரி. நேர்ல ஒருத்தர் பக்கத்துல இருந்து பாக்கற மாதிரி வருமா? டைனோவே வச்சுக்கலாம். காலையில போய் வண்டியை விட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் அக்கா வீட்ல இருந்துக்கலாம்.”

எனக்கு மூக்கில் வேர்த்தது. டைனோ இருப்பது அவளுடைய அக்கா ஊரில். அக்கா வீட்டில் சகலை இருக்கிறார். சகலை எந்தப் பொருள் வாங்கினாலும் அதன் கூட வரும் விளக்கப் புத்தகத்தை நமக்கு முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டுவார். போன முறை போனபோது வாஷிங் மெஷின். துணியின் தரம் பற்றிய அத்தியாயத்தில் எனக்குக் கண் செருகியது. அவர் நிறுத்தி, நான் விழித்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஆக, இதுதான் திட்டம் என்று புரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரிமோட்தான், இதில் மாற்றமில்லை என்று அறிவித்தேன். அவள் முகம் வாடியது. உங்க இஷ்டம் என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஜெயித்த எனக்கு, அந்தப் பெருமூச்சைச் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ரிமோட் டியூனரைப் போனில் பிடித்தோம். எப்போதும் ஜலதோஷம் பிடித்த குரல். ஆளை இன்றுவரை பார்த்ததில்லை. எனக்கு இரண்டு விரல்தான் டைப் அடிக்க வரும் என்பதால், அவரோடு எழுத்துப் போக்குவரத்தை மனைவி ஏற்றுக்கொண்டாள். முதல் ஃபைலோடு அவர் நிபந்தனைகளையும் அனுப்பியிருந்தார். அவள்தான் வாசித்தாள். பொது ரோட்டில் சோதனை ஓட்டம் கூடவே கூடாது. அனுமதி வாங்கிய தனியார் ரோடாக இருக்க வேண்டும். நீளமாக, நேராக, மேடு பள்ளம் இல்லாமல், வெறிச்சென்று இருக்க வேண்டும். லேப்டாப்பைப் பார்க்க ஓட்டுகிறவரைத் தவிர ஓர் ஆள். ரோட்டில் ஆடு, மாடு, மனிதர் யாரும் இல்லை என்று சைகை காட்டப் பொறுப்பான இன்னோர் ஆள்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு ரோடு சொர்க்கத்துக்குப் போகிற வழியில்தான் இருக்கும் என்றேன். மறுபடி டைனோவுக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அவள் ஒரு தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்தது போல மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா வீட்டுக்கிட்ட அந்த ஃபேக்டரி ரோடு இருக்கே.”

மாமனார் ஒரு சிமெண்ட் ஃபேக்டரியில் டைம் ஆபீஸில் இருந்தவர். யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று பார்ப்பது வேலை. ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். எல்லாரும் காலி செய்துவிட்டுப் போனார்கள். இவர் மட்டும் உள்ளே இருந்த குவார்ட்டர்ஸ் வீட்டை விலைக்கு வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். லாரிகளுக்காகப் போட்ட ரோடு ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி கிடக்கிறது. அதன் இரும்பு கேட்டுக்குச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. மாமியார் போன வருஷம் தவறிப்போனார். அதிலிருந்து மனிதர் தனி.

அவர் நல்லவர். ஆனால் பேச மாட்டார். நாங்கள் போனதும் “வாங்க” என்பார். கிளம்பும்போது “சரி” என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழுப் பகல் இருக்கும். நானோ பேச்சில்லாவிட்டால் பிழைக்காத ஜாதி. அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால், ஃபேன் சுற்றுவதை முதலில் இந்தப் பக்கமாக எண்ணி, அப்புறம் மனசுக்குள் அந்தப் பக்கமாகச் சுற்றவிட்டு எண்ணுவேன். வாரா வாரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், அல்லது கார் டயரில் காற்று நிற்காது.

இப்போது மறுக்க வழியில்லை. ரோடு என்னுடைய தேவை. சாவி அவருடையது.

முதல் ஞாயிற்றுக்கிழமை போனோம். மாமனார் நான்கு நாள் தாடியோடு, கசங்கின பனியனோடு கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். ரோட்டின் கடைசியில் போய் நிற்க வேண்டும், யாரும் இல்லையென்றால் துண்டை வீச வேண்டும் என்று மகள் சொன்னாள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு நடந்தார். மனைவி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். நான் மூன்றாவது கியரில் மெதுவாக உருட்டி, துண்டு தெரிந்ததும் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தேன். எஞ்சின் கத்தியது. நானும் கத்தினேன். அவள் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே, “போதும், காலை எடுங்க,” என்றாள். பல் ஆஸ்பத்திரியில் “வாயை மூடுங்க” என்று சொல்கிற அதே குரல்.

அப்புறம் சாப்பாடு. வீட்டுக்குள் போய்த் தண்ணீருக்காக ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு கண் சொட்டு மருந்து, வேறு ஒன்றுமில்லை. அவள் எனக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்ததைச் சூடு பண்ணப் போனாள். நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். தட்டில் விரல் படுகிற சத்தம் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டாவது ஃபைல் வந்தது. டியூனர் பெட்ரோலைக் கொஞ்சம் சரி பண்ணியிருக்கிறாராம். ஞாயிறு மறுபடி போனோம். அடுத்த வாரம் மூன்றாவது, அதற்கடுத்து நாலாவது. கார் நிஜமாகவே மாறியது. மேட்டில் இழுத்துக்கொண்டு ஏறியது. சீட்டிச் சத்தம் தடித்தது.

மாமனாரும் மாறினார். மூன்றாவது வாரம் துண்டுக்குப் பதிலாக ஃபேக்டரி காலத்து விசில் ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தார். நாலாவது வாரம் ரோட்டில் கிடந்த ஜல்லிக் கற்களையெல்லாம் பெருக்கி ஒதுக்கியிருந்தார். எங்கே ஆரம்பிக்க வேண்டும், எங்கே காலை எடுக்க வேண்டும் என்பதற்குப் பழைய பெயிண்ட் டப்பாக்களில் மண் நிரப்பி அடையாளம் வைத்தார். ஐந்தாவது வாரம் அந்த அதிசயம் நடந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“மாப்பிள்ளை, இப்ப பெட்ரோலைக் கூட்டியிருக்காரா, காத்தைக் கூட்டியிருக்காரா?”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அந்த வீட்டில் யாராவது என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்றும் சொல்லலாம். பிசைந்த கை காயும்வரை விளக்கினேன். டர்போ என்றால் என்ன, காற்றை எப்படி அமுக்குகிறது, தீப்பொறி ஒரு நூல் முன்னே போனால் என்ன ஆகும், எல்லாம். அவர் “ம்” போட்டுக்கொண்டே கேட்டார். எத்தனை விதமான “ம்” இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் வாரம் ஒரு கேள்வி. ஒவ்வொன்றும் நெத்தியடி. அவரே சமைத்து வைக்க ஆரம்பித்தார். தாடி போனது. இஸ்திரி போட்ட சட்டை வந்தது. ஃப்ரிட்ஜில் முட்டையும் தக்காளியும் வந்தன. ஏழாவது வாரம், மகள் செய்துகொண்டுவந்த பொரியலில் உப்பு தூக்கல் என்று வாய் திறந்து குறை சொன்னார். அவள் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். உப்பைச் சொன்னதற்காக அழுகிறாளே என்று நினைத்தேன். எனக்குச் சிலது கொஞ்சம் லேட்டாகத்தான் விளங்கும்.

ஆபீஸில் என் பாடு கொண்டாட்டம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் குதிரைக்குப் புது ஃபைலின் ருசியை வர்ணிப்பேன். ஆறாவதில் ஸ்டீயரிங்கூட லேசானது என்றேன். ஏழாவதில் கார் என் மனசைப் படிக்கிறது என்றேன். எட்டாவதில் பிரேக் இனிமையாகப் பிடிக்கிறது என்றேன். ஒன்பதாவதைச் சொன்னபோது அவர் டீயைக் கீழே வைத்தார். டியூனுக்கும் பிரேக்குக்கும் சம்பந்தமே கிடையாது என்றார். நல்ல டியூனர் மூன்று நான்கு ஃபைலில் முடித்துவிடுவார், ஒன்பது என்றால் ஒன்று உங்கள் எஞ்சின் சீக்காளி, இல்லாவிட்டால் டியூனருக்குத் தொழில் தெரியாது, எதற்கும் ஒரு தடவை டைனோவில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள் என்றார்.

மனைவியிடம் ஆபீஸ் வேலையாக வெளியூர் என்று சொல்லிவிட்டு, லீவு போட்டு, லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு டைனோ இருக்கும் ஊருக்குக் கிளம்பினேன். சகலை வீட்டுத் தெருவைத் தவிர்க்க அந்த ஊரை ஒரு சுற்றுச் சுற்றினேன்.

பட்டறை கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. காரை உருளைகளின் மேல் ஏற்றி, நாலு பக்கமும் பெல்ட் போட்டுக் கட்டினார்கள். ஆளுயர ஃபேன் ஒன்றை மூக்குக்கு நேராக வைத்தார்கள். எனக்குக் காதை மூட ஒன்றைக் கொடுத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கவைத்தார்கள். கார் நின்ற இடத்தில் நின்றபடியே உறுமியது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவன் போல நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். திரையில் ஒரு கோடு எந்த நடுக்கமும் இல்லாமல் வழவழவென்று மேலே ஏறியது.

டைனோக்காரர் வெளியே வந்து, பிரமாதமாகச் செய்திருக்கிறார்கள், நான் கை வைக்க இதில் ஒன்றுமே இல்லை என்றார். எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லையாம். பின் ஏன் ஒன்பது ஃபைல் என்று கேட்டு லேப்டாப்பை நீட்டினேன். அவர் அத்தனை ஃபைலையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“சார், நாலாவதுலேர்ந்து ஒன்பதாவது வரைக்கும் பேர்தான் வேற. உள்ள இருக்கறது ஒரே ஃபைல்.”

பிரேக் இனிமையாகப் பிடித்ததே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

வாசலுக்கு வந்து ரிமோட் டியூனருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டேன். நாலாவதிலேயே வேலை முடிந்துவிட்டது என்று மேடத்திடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன் சார் என்றார். வெள்ளிக்கிழமை தோறும் அதையே நம்பரை மட்டும் மாற்றி அனுப்பச் சொன்னது மேடம்தானாம். முதலில் மாட்டேன் என்றாராம். காரணத்தைக் கேட்டதும் மறுக்க மனசு வரவில்லையாம். உங்கள் வீட்டம்மாவுக்குப் பெரிய மனசு என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார். அது ஜலதோஷமா, உருக்கமா, தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் முதல் பாதி கோபம். டைனோ டைனோ என்று சொல்லி என்னை ரிமோட்டில் தள்ளியிருக்கிறாள். அக்கா வீடு என்று ஒரு தூண்டில். நான் அதற்குத் தப்பித்து ஓடியதாக நினைத்து நேரே வலைக்குள் ஓடியிருக்கிறேன். வீட்டுக்குப் போய் நாலாவது ஃபைலையும் ஒன்பதாவது ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விசாரணை நடத்துவது என்று வசனம்கூடத் தயார் பண்ணினேன்.

இரண்டாவது பாதியில் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. அந்தக் காலி ஃப்ரிட்ஜ் கண்ணில் வந்தது. நேரடியாக அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள். அப்பாவைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டவளுக்கு நான் இடுப்பைக் காட்டினேன். டயரைக் காட்டினேன். வேறு என்னதான் செய்வாள். ஒரு கிழவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வேண்டுமென்று பொய் சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்யில் அவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார், சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கிறார், உப்பு பார்த்திருக்கிறார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது முடிவெடுத்துவிட்டேன். எதையும் காட்டிக்கொள்ளப் போவதில்லை. தெரியாதவன் போலவே இருக்கப்போகிறேன். எத்தனை ஃபைல் வந்தாலும் வரட்டும், அந்த மனிதருக்காக ஓட்டப்போகிறேன். இதைவிடப் பெரிய மனிதன் இந்தத் தெருவிலேயே கிடையாது என்று எனக்கே பட்டது. அன்றிரவு சாப்பிடும்போது என் முகத்தில் ஏதோ ஒளி தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பத்தாவது ஃபைல் வந்தது. “இந்தத் தடவை தீப்பொறியை மாத்தியிருக்காராம்,” என்றாள் கண்ணை இமைக்காமல். அப்படியா, பார்த்துவிட வேண்டியதுதான் என்றேன் நானும் இமைக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை. மாமனார் கேட்டருகே வெள்ளைச் சட்டையில், கழுத்தில் விசிலோடு, எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். நான் மிதித்தேன், எஞ்சின் கத்தியது, அவர் விசில் ஊதினார். சாப்பாட்டில் அவர் கேள்வி கேட்டார், நான் நீளமாகப் பதில் சொன்னேன். அவருடைய ஒவ்வொரு “ம்”முக்கும் என் மனசு நிறைந்தது. ஒரு முதியவருக்கு நான் செய்கிற தொண்டு. பதிலை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

கிளம்புகிற நேரம். மனைவி உள்ளே பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கேட் பூட்டு சிக்கிக்கொள்கிறது, ஒரு கை பிடியுங்கள் என்று மாமனார் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். பூட்டு சுகமாகத்தான் திறந்தது. அவர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“மாப்பிள்ளை, அந்த ஃபைல் வேலையெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியும்.”

அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார். உங்களுக்காக எத்தனை ஃபைல் வேண்டுமானாலும் ஓட்டுவேன் என்று சொல்ல நினைத்து, “மாமா, உங்களுக்காக நான்…” என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். அப்புறம் பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“எல்லாம் எம் பொண்ணு சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமையானா உங்க மாப்பிள்ளை பாயைப் போட்டுப் படுத்துக்கிட்டுச் சுவத்தைப் பாக்கறாருப்பா, பேசறதைக் காது குடுத்துக் கேக்க ஒரு ஆளில்ல, எனக்குப் பயமா இருக்கு, நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கணும்னு அழுதா. அந்த டியூனர் தம்பிகிட்டயும் இதைத்தான் சொன்னாளாம். நான் வயசானவன், என்ன பண்ண முடியும்னு கேட்டேன். ஒண்ணும் வேணாம்ப்பா, ஷேவ் பண்ணிக்கிட்டு, நல்ல சட்டை போட்டுக்கிட்டு, கேட்டைத் தெறந்து வையுங்க, சாப்பிடும்போது ஒரு கேள்வி கேளுங்க, அது போதும்னா. கேள்வியைக்கூட சனிக்கிழமையே போன்ல சொல்லிக் குடுத்துடுவா. எனக்கு அந்த டர்போ இழவு இன்னிக்கு வரைக்கும் புரியல. ஆனா நீங்க சொல்லும்போது உங்க முகத்தைப் பாப்பேன்.”

நான் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கார் ஹாரன் ஒரு தடவை செல்லமாக அடித்தது. அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மாமனார் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

“கவலைப்படாதீங்க மாப்பிள்ளை. நல்லாத் தேறிட்டு வர்றீங்க.”